சுகாதார ஆய்வு நிதிக்கு விண்ணப்பிப்பது எப்படி: பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிராண்ட், அதாவது ஆய்வு நிதி, கேட்டு எழுத உட்காரும் சக ஆசிரியர்களும் முனைவர் பட்டம் முடித்த இளம் ஆய்வாளர்களும் என்னிடம் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். நான் விண்ணப்பம் எழுதி நிதி வாங்கியிருக்கிறேன், வாங்கியதைவிட அதிகமாகத் தோற்றிருக்கிறேன், மேசைக்கு அந்தப் பக்கம், விண்ணப்பங்களை மதிப்பிடும் ரிவியூவராகவும் உட்கார்ந்திருக்கிறேன்.

விளக்குவதற்கு வசதியாக ஒரு கற்பனை ஆய்வைக் கடைசிவரை கூட்டிக்கொண்டு போகிறேன். ரத்த அழுத்தத்துக்குப் புதிதாக மாத்திரை தொடங்குபவர்களில் 30 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள் நிறுத்திவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நர்ஸ் ஒருவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போன் செய்து பேசினால் அது 20 சதவீதமாகக் குறையுமா? இதற்கு 'மாத்திரை ஆய்வு' என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

விண்ணப்பிப்பது நானா, என் பல்கலைக்கழகமா?

எழுதுவது நீங்கள். பெரும்பாலான இடங்களில் சட்டப்படி விண்ணப்பதாரர் பல்கலைக்கழகம்தான். பணம் அவர்கள் கணக்குக்கு வரும், ஒப்பந்தத்தில் அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள், தணிக்கைக்கும் அவர்களே பதில் சொல்வார்கள். அதனால் முதல் வேலை, ஆய்வு அலுவலகத்துக்குப் போய் "இந்த அழைப்புக்கு விண்ணப்பிக்கப்போகிறேன்" என்று சொல்லி வைப்பது. (விண்ணப்பம் கேட்டு நிதி நிறுவனம் வெளியிடும் அறிவிப்பைத்தான் அழைப்பு என்கிறோம்.) அவர்களுக்கென்று ஒரு உள் கெடு இருக்கும். நிதி நிறுவனத்தின் டெட்லைனுக்கு ஒரு வாரமோ அதற்கும் முன்போ வரும். அது தெரியாமல் கடைசி நாள் மாலையில் கையெழுத்துக்கு ஓடுபவர்களை ஒவ்வொரு சுற்றிலும் பார்க்கிறேன்.

ஒப்பந்தப் பணியில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். திட்டம் மூன்று ஆண்டு, உங்கள் பணி ஒப்பந்தம் இரண்டு ஆண்டு என்றால் மூன்றாம் ஆண்டுக்கு யார் பொறுப்பு என்று கேட்பார்கள். துறைத் தலைவரிடம் அதற்கான கடிதத்தை முன்பே வாங்கி வையுங்கள்.

எத்தனையோ அழைப்புகள் வருகின்றன. எனக்கானது எது என்று எப்படித் தெரியும்?

அமெரிக்காவின் என்.ஐ.எச்., பிரிட்டனின் எம்.ஆர்.சி., என்.ஐ.எச்.ஆர்., வெல்கம் அறக்கட்டளை, இந்தியாவின் ஐ.சி.எம்.ஆர்., ஆஸ்திரேலியாவின் என்.எச்.எம்.ஆர்.சி. என்று சுகாதார ஆய்வுக்கு நிதி தரும் நிறுவனங்களின் பட்டியல் நீளும். ஆனால் அழைப்புகளில் அடிப்படையில் மூன்று வகைதான் உண்டு. முதல் வகை ஆளுக்குக் கொடுப்பது: ஃபெலோஷிப், இளம் ஆய்வாளர் விருது போன்றவை. அடுத்தது திட்டத்துக்குக் கொடுப்பது. மூன்றாவதில் கேள்வியை அவர்களே வைத்துக்கொண்டு பதில் தேட ஆள் கேட்பார்கள். முதல் வகைக்குத் திட்டத்தை மட்டும் விரித்து எழுதினாலும் தோற்பீர்கள், மூன்றாம் வகைக்கு உங்கள் சொந்தக் கேள்வியைத் திணித்தாலும் தோற்பீர்கள்.

இளம் ஆய்வாளர் சலுகை இருக்கிறதா என்று பாருங்கள். என்.ஐ.எச். கணக்கில் இறுதிப் பட்டமோ மருத்துவப் பயிற்சியோ முடித்துப் பத்து ஆண்டுக்குள் இருந்து, இதுவரை பெரிய கிராண்ட் வாங்காதவர் 'தொடக்க நிலை ஆய்வாளர்'. மகப்பேறு, நோய், குடும்பத்தில் ஒருவரைக் கவனித்துக்கொண்டது போன்ற இடைவெளிகளைக் கழித்துக் கணக்கிட்டுக்கொள்ளப் பல நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. கூச்சப்பட்டு இதை விட்டுவிடாதீர்கள்.

அந்த நிறுவனம் முன்பு எதற்கெல்லாம் பணம் கொடுத்தது என்றும் தேடிப் பாருங்கள். என்.ஐ.எச். தான் நிதி கொடுத்த திட்டங்களின் சுருக்கத்தை 'ரிப்போர்ட்டர்' என்ற பொதுத் தளத்தில் போட்டு வைத்திருக்கிறது. அரை மணி நேரம் அதில் உலாவினால் போதும், அழைப்பில் எழுதியிருப்பதற்கும் அவர்கள் கை நீட்டிக் கொடுப்பதற்கும் உள்ள இடைவெளி புரிந்துவிடும். பிறகு அந்த அழைப்பைக் கவனிக்கும், நிதி நிறுவனத்தின் திட்ட அலுவலருக்குப் பத்து வரி மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். "இது எங்கள் வரம்புக்குள் வராது" என்று அவர் சொல்லிவிட்டால் மூன்று மாத உழைப்பு மிச்சம்.

எவ்வளவு நாள் முன்பே தொடங்க வேண்டும்?

ஆஸ்திரேலியாவில் 2012 என்.எச்.எம்.ஆர்.சி. சுற்றை வைத்து ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். புதிய விண்ணப்பம் ஒன்றுக்குச் சராசரியாக 38 வேலை நாள், மறு விண்ணப்பத்துக்கு 28 நாள். அந்தச் சுற்றுக்கு வந்த 3,727 விண்ணப்பங்களுக்கும் சேர்த்துச் செலவான உழைப்பு சுமார் 550 மனித ஆண்டுகள். வகுப்பும் தேர்வுத்தாளும் நடுவே இருக்க, அந்த 38 நாளை நான்கு மாதத்தில் தேடி எடுப்பதே பெரும்பாடு. முதல் தடவை என்றால் ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பக்கத்தில் என்ன எழுதுவது?

இங்கேதான் பாதி விண்ணப்பங்கள் விழுகின்றன, அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

உங்கள் விண்ணப்பத்தைப் படிப்பவர் பெரும்பாலும் உங்கள் நுண்துறையைச் சேர்ந்தவர் இல்லை. இதய நோய் ஆளாக இருக்கலாம், புள்ளியியல் ஆளாக இருக்கலாம். கையில் எட்டோ பத்தோ விண்ணப்பங்கள் இருக்கும், பகல் வேலை முடித்து இரவில் படிப்பார். சில வாரம் கழித்துக் குழு கூடும்போது, அதைப் படிக்காத பதினைந்து பேருக்கு அவர் உங்கள் ஆய்வைச் சில நிமிடத்தில் எடுத்துச் சொல்ல வேண்டும். நீங்கள் அந்த அறையில் இருக்கமாட்டீர்கள். உங்களுக்காகப் பேசப்போகும் அந்த ஒருவர் கையில் என்ன வார்த்தையைக் கொடுத்து அனுப்புகிறீர்கள் என்பதுதான் முதல் பக்கம்.

மாத்திரை ஆய்வை வழக்கமாக இப்படித் தொடங்குவார்கள்:

"உயர் ரத்த அழுத்தம் உலகளவில் மிகப்பெரிய பொதுச் சுகாதாரச் சவாலாக உருவெடுத்துள்ளது. மருந்துத் தொடர்ச்சியை மேம்படுத்துவதற்கான புதுமையான, பன்முக அணுகுமுறை ஒன்றை ஆராய்வதே இவ்வாய்வின் நோக்கமாகும்."

இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் இதைப் படித்தவரால் எதையும் எடுத்துச் சொல்ல முடியாது. உலகில் 128 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் என்று உலக சுகாதார அமைப்பு 2021-ல் சொன்னதை அடுத்த வரியில் சேர்ப்பார்கள். இந்தத் தலைப்பில் விண்ணப்பிக்கும் எல்லோரும் அதையேதான் சேர்க்கிறார்கள். இப்போது இதைப் பாருங்கள்:

"ரத்த அழுத்த மாத்திரை தொடங்குபவர்களில் பத்துக்கு மூன்று பேர் ஆறு மாதத்துக்குள் நிறுத்திவிடுகிறார்கள். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று தோன்றுவதால் நிறுத்துபவர்களே பலர். அந்த நேரத்தில் அவர்களோடு பேச ஆள் இல்லை. நர்ஸ் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போனில் பேசினால் நிறுத்துபவர்கள் பத்துக்கு இரண்டாகக் குறைகிறார்களா என்று 692 பேரிடம் சோதிக்கிறோம். 'நிறுத்தினார்' என்பதை மருந்துக்கடைப் பதிவை வைத்து முடிவு செய்வோம்."

குழுவில் பேசப்போகிறவர் இதைத் தாளைப் பார்க்காமலே சொல்வார். என் துறை ஆட்கள் சிலருக்கு இந்த நடை 'சாதாரணமாக' இருக்கிறது என்று மனக்குறை. இருக்கட்டும்.

நோக்கங்களை மூன்றுக்கு மேல் வைக்காதீர்கள். முதல் நோக்கம் பொய்த்தால் மற்றவையும் சரியும்படி அடுக்காதீர்கள். ரிவியூவர் கண் அங்கேதான் முதலில் போகும். என்.ஐ.எச்.-ன் ஆர்01 என்ற திட்ட நிதி வகையில் நோக்கங்களுக்கு ஒரே பக்கம், ஆய்வுத் திட்டத்துக்கு 12 பக்கம். அந்த ஒரு பக்கத்துக்குச் செலவழிக்கும் நேரம் மற்றப் பன்னிரண்டுக்கும் ஆகும் நேரத்தில் பாதியாவது இருக்கட்டும்.

ரிவியூ உள்ளே எப்படித்தான் நடக்கிறது?

இடத்துக்கு இடம் மாறும். என்.ஐ.எச். முறை வெளிப்படையாக எழுதி வைக்கப்பட்டிருப்பதால் அதைச் சொல்கிறேன். பொதுவாக மூன்று ரிவியூவர்கள் முழுசாகப் படித்து 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுவார்கள், 1-தான் உச்சம். முதல்கட்ட மதிப்பெண்ணில் கீழே நிற்பவை, ஏறத்தாழ பாதி, குழுவில் பேசப்படாமலே ஒதுக்கப்படும். பேசப்பட்டவற்றுக்குக் குழு முழுவதும் மதிப்பெண் போட, அதன் சராசரியைப் பத்தால் பெருக்கி 10-க்கும் 90-க்கும் இடையில் ஒரு எண் வரும். 2025 ஜனவரி முதல் அளவுகோல்களைச் சுருக்கிவிட்டார்கள். ஆய்வு முக்கியமானதா, முறை சரியானதா என்ற இரண்டுக்கு மட்டும் எண் உண்டு. ஆட்களும் வசதியும் போதுமா என்பதற்குப் 'போதும்', 'போதாது' மட்டும்தான். பெரிய பெயருள்ள ஆளுக்கும் இடத்துக்கும் தானாகவே சாய்வதைக் குறைக்கச் செய்த மாற்றம் இது.

முன்னோட்டத் தரவு இல்லாமல் விண்ணப்பிக்கலாமா?

சிறு தொகை, விதை நிதி என்றால் தாராளமாக. பெரிய நிதிக்கு, செய்ய முடியும் என்பதற்கு ஏதாவது ஒரு சாட்சி வேண்டும். அது பெரிய முடிவாக இருக்கத் தேவையில்லை. மாத்திரை ஆய்வுக்கு இருபது பேருக்குப் போன் செய்து பார்த்து, எத்தனை பேர் எடுத்தார்கள், எத்தனை நிமிடம் பேசினார்கள் என்று ஒரு சிறு அட்டவணை போட்டாலே அது பத்துப் பக்க வாதத்தைவிடக் கனமானது.

சாம்பிள் சைஸ் (எத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்ற கணக்கு) பகுதியை எவ்வளவு விரிவாக எழுத வேண்டும்?

வேறொருவர் காகிதமும் பேனாவும் எடுத்து அதே எண்ணைக் கொண்டுவர முடிகிற அளவுக்கு. "புள்ளியியல் மென்பொருள் மூலம் கணக்கிடப்பட்டது" என்று எழுதி முடித்துவிட்டால் குழுவில் இருக்கும் புள்ளியியலாளர் அந்த இடத்திலேயே பேனாவை மூடி வைத்துவிடுவார்.

மாத்திரை ஆய்வில் 30 சதவீதத்துக்கும் 20 சதவீதத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பிடிக்க வேண்டும். இருபக்கச் சோதனை, பிழை வாய்ப்பு 5 சதவீதம், பவர் (வேறுபாடு உண்மையில் இருந்தால் அதைப் பிடிக்கும் வாய்ப்பு) 80 சதவீதம் என்று வைத்தால், நர்ஸ் போன் செய்யும் பிரிவு, செய்யாத பிரிவு ஒவ்வொன்றுக்கும் 294 பேர். நடுவில் 15 சதவீதம் பேர் விலகுவார்கள் என்று எடுத்துக்கொண்டால் 294-ஐ 0.85-ஆல் வகுக்க வேண்டும்: 346. (15 சதவீதத்தைக் கூட்டி 338 என்று போடுவது அடிக்கடி கண்ணில் படும் பிழை.) இரண்டு பிரிவுக்கும் சேர்த்து 692.

இங்கே ஒரு ஆசை எட்டிப் பார்க்கும். 30 என்பது 25 ஆகக் குறைந்தாலும் பயன்தானே, அதையும் பிடித்துவிடலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பிரிவுக்கு 1,250 பேரைத் தாண்டும். வேறுபாடு பாதியானால் ஆள் எண்ணிக்கை நான்கு மடங்குக்கு மேல் போகிறது. மறுபக்கம், ஆளைக் குறைப்பதற்காக 30 எடுத்த எடுப்பில் 10 ஆகிவிடும் என்று எழுதுபவர்களும் உண்டு. போன் பேசுவதற்கு அவ்வளவு சக்தி இருந்தால் ஆய்வே தேவைப்படாது. எந்த அளவு மாற்றம் வந்தால் மருத்துவர்கள் தங்கள் பழக்கத்தை மாற்றுவார்கள் என்று யோசித்து, அந்த அளவை வைத்துக் கணக்குப் போடுங்கள், ஏன் அந்த அளவு என்று இரண்டு வரி எழுதுங்கள்.

அடுத்து, அந்த 692 பேர் எங்கிருந்து வருவார்கள்? ஓராண்டில் சேர்க்க வேண்டுமென்றால் மாதம் 58 பேர். கேட்டவர்களில் பாதிப் பேர்தான் சம்மதிப்பார்கள் என்றால் மாதம் 116 தகுதியானவர்கள் உங்கள் கிளினிக் வாசலுக்கு வந்தாக வேண்டும். வருகிறார்களா? பழைய பதிவேட்டை எடுத்து எண்ணிப் பாருங்கள். ஆய்வு தொடங்கிய நாளிலிருந்து நோயாளிகள் மாயமாக மறைந்துவிடுவார்கள் என்பதை மருந்தியலாளர் லூயிஸ் லசான்யாவின் பெயரால் 'லசான்யா விதி' என்று கேலியாகச் சொல்வதுண்டு. கேலி பாதி, அனுபவம் பாதி.

புள்ளியியலாளரை எப்போது கூப்பிடுவது?

கேள்வியை எழுதும் நாளில். எல்லாம் முடிந்த பிறகு "ஒரு எண் மட்டும் போட்டுக் கொடுங்கள்" என்று போய் நிற்காதீர்கள். பட்ஜெட்டில் அவர் நேரத்துக்கும் பணம் வையுங்கள்.

எத்திக்ஸ் (ஆய்வு நெறிமுறைக் குழு) அனுமதி முன்பே வாங்கியிருக்க வேண்டுமா?

பல இடங்களில் விண்ணப்பிக்கும்போது தேவையில்லை, பணம் விடுவிக்கும் முன் தேவை. சில அழைப்புகள் முன்பே கேட்கும், படித்துப் பாருங்கள். அனுமதி பிறகுதான் என்றாலும் எத்திக்ஸ் பகுதியை "விதிகள் பின்பற்றப்படும்" என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுக்கான நெறிமுறையாக 1964-ல் பிறந்த ஹெல்சிங்கி பிரகடனம் கடைசியாக 2024 அக்டோபரில் திருத்தப்பட்டது. ஆய்வுக்கு உட்படுத்தப்படுபவர்கள் என்ற பொருள் தரும் சொல்லை எடுத்துவிட்டுப் பங்கேற்பாளர்கள் என்று மாற்றினார்கள். உங்கள் விண்ணப்பத்திலும் அந்த மனமாற்றம் தெரிய வேண்டும். மாத்திரை ஆய்வில் உண்மையான சிக்கல் எது? நர்ஸ் போன் செய்யும்போது "இரண்டு நாளாக நெஞ்சு வலிக்கிறது" என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வீர்கள்? அந்த இடத்தில் யாருக்குத் தகவல் போகும், எவ்வளவு நேரத்துக்குள் போகும் என்று எழுதுங்கள்.

இது மருத்துவச் சோதனை என்பதால் முதல் பங்கேற்பாளரைச் சேர்க்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும். முக்கிய மருத்துவ இதழ்கள் 2005-லிருந்து இதைக் கட்டாயமாக்கிவிட்டன. மறந்தால் பின்னால் கட்டுரை வெளியிட வழியில்லை.

நோயாளிகளையும் பொதுமக்களையும் சேர்த்துக்கொண்டீர்களா என்று கேட்கிறார்களே, என்ன எழுதுவது?

செய்ததை எழுதுங்கள். பிரிட்டனின் என்.ஐ.எச்.ஆர். போன்ற நிறுவனங்கள் இதைத் தனிப் பகுதியாகவே மதிப்பிடுகின்றன. கேட்கிறார்களே என்பதற்காகக் கடைசி வாரத்தில் இரண்டு பேரைப் பிடித்துக் கருத்துக் கேட்டால் அது எழுத்தில் தெரிந்துவிடும். முன்பே நான்கைந்து நோயாளிகளோடு உட்கார்ந்திருந்தால், "காலையில் போன் செய்யாதீர்கள், வேலைக்குக் கிளம்பும் நேரம், வீட்டில் ஒரே போன், அதுவும் மகனிடம் இருக்கும்" என்று யாராவது சொல்லியிருப்பார். அதனால் அழைக்கும் நேரத்தை மாலைக்கு மாற்றினோம் என்ற ஒரு வாக்கியம் எழுதினால், அதற்கு மேல் சான்று தேவைப்படாது. அவர்கள் நேரத்துக்கும் பயணச் செலவுக்கும் பட்ஜெட்டில் இடம் வையுங்கள்.

பட்ஜெட்டைக் குறைவாகக் காட்டினால் கிடைக்கும் வாய்ப்பு கூடுமா?

கூடாது. குறைத்துக் காட்டினால் இவருக்கு வேலை எவ்வளவு என்றே தெரியவில்லை என்று நினைப்பார்கள், கூட்டிக் காட்டினாலும் அதையே நினைப்பார்கள். செலவு ஒவ்வொன்றும் ஆய்வு முறையிலிருந்து நேராக இறங்கி வர வேண்டும்.

மாத்திரை ஆய்வின் போன் வேலையை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு பிரிவில் 346 பேர். ஆறு மாதத்தில் ஆளுக்கு 13 அழைப்பு. மொத்தம் 4,498. அழைப்புக்குப் பத்து நிமிடம் என்றால் 750 மணி நேரம். இத்தோடு பலர் கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். போன் முதல் தடவையிலேயே எடுக்கப்படுமா? இரண்டு, மூன்று தடவை முயல வேண்டும். பேசி முடித்ததும் பதிவு செய்ய ஐந்து நிமிடம், அதுவே இன்னும் 375 மணி நேரம். ஆக நர்ஸ் ஒருவரின் 1,100 மணி நேரத்துக்கு மேல் போய்விடுகிறது. இதை இப்படியே நியாயப்படுத்தும் பகுதியில் எழுதினால் யாரும் அதில் கை வைக்க மாட்டார்கள். வெறுமனே "நர்ஸ், ஒருவர், ஓராண்டு" என்று எழுதினால் முதல் வெட்டு அங்கேதான் விழும்.

அடிக்கடி விட்டுப்போகும் செலவுகள்: ஆண்டுதோறும் ஏறும் சம்பளம், கருவி பராமரிப்பு, மொழிபெயர்ப்பு, தரவுச் சேமிப்பு, திறந்த அணுகல் கட்டணம் (கட்டுரையை எவரும் இலவசமாகப் படிக்க இதழுக்குக் கட்டுவது), பங்கேற்பாளர் காப்பீடு, கடைசி ஆறு மாதம் பகுப்பாய்வு செய்யும் ஆளின் சம்பளம். தரவு சேர்ந்தபின் எழுத ஆளில்லாமல் கிடக்கும் திட்டங்கள் எத்தனையோ.

ஓவர்ஹெட் (கட்டடம், நிர்வாகம் போன்ற மறைமுகச் செலவு) என்று பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்வது எவ்வளவு?

அதை நிதி நிறுவனத்தின் விதி தீர்மானிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் யூரோப் திட்டத்தில் பொதுவாக நேரடிச் செலவில் 25 சதவீதம். கேட்ஸ் அறக்கட்டளை பல்கலைக்கழகங்களுக்கு 10 சதவீதம் வரை தரும். சில அறக்கட்டளைகள் ஒன்றுமே தருவதில்லை. அப்படிப்பட்ட நிதிக்குப் பல்கலைக்கழகம் சம்மதிக்குமா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

பெரிய பெயர் ஒன்றைக் கூட்டு ஆய்வாளராகச் சேர்க்கட்டுமா?

அவருக்கு வேலை இருந்தால் சேருங்கள். "2 சதவீத நேரம், ஆலோசனை" என்று போட்ட பெயரால் யாரும் ஏமாறுவதில்லை. அலங்காரத்துக்கு ஐந்து பேராசிரியர் இருப்பதைவிட, களத்தில் நோயாளிகளைச் சேர்க்கப்போகும் கிளினிக் மருத்துவர் ஒருவர் கூட்டு ஆய்வாளராக இருப்பது மேல். ஆதரவுக் கடிதங்களும் அப்படித்தான். எல்லாக் கடிதமும் ஒரே வாசகத்தில் இருந்தால் எழுதியது நீங்கள்தான் என்று தெரிந்துபோகும். "மாதம் 60 பேரை அனுப்ப முடியும், ஓர் அறையும் ஒதுக்குகிறோம்" என்று குறிப்பாகச் சொல்லும் ஒரே கடிதம் போதும்.

என் கட்டுரைகள் பெரிய இதழ்களில் வந்ததில்லை. சி.வி. எடுபடுமா?

2012-ல் உருவான சான் பிரான்சிஸ்கோ பிரகடனத்தில் கையெழுத்திட்ட நிறுவனங்கள், இதழின் இம்பாக்ட் ஃபேக்டரை (அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை எடுத்தாளப்படுகின்றன என்ற எண்ணை) வைத்து ஆளை எடைபோடக் கூடாது என்று ஏற்றுக்கொண்டவை. பல நிறுவனங்கள் இப்போது பட்டியலுக்குப் பதில், செய்ததை விவரித்து எழுதும் சி.வி. கேட்கின்றன. அதில் மூன்று கட்டுரையை எடுத்து, அதில் உங்கள் கை எது, அதனால் என்ன மாறியது என்று எழுதுங்கள். குழுவில் எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன், பழைய பழக்கம் சட்டென்று போகாது. ஆனால் காற்று உங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. ஆய்வாளருக்கான தனி அடையாள எண்ணான ஆர்கிட் எண் இல்லையென்றால் இன்றே எடுத்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

தரவு மேலாண்மைத் திட்டம் சடங்குதானே?

முன்பு அப்படித்தான் இருந்தது. என்.ஐ.எச். 2023 ஜனவரி 25 முதல் தரவு மேலாண்மை, பகிர்வுத் திட்டத்தைப் பரவலாகக் கட்டாயமாக்கிவிட்டது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. திட்டத்தில் "அடையாளம் நீக்கிய தரவைப் பகிர்வோம்" என்று எழுதுவார்கள். சம்மதப் படிவத்திலோ "உங்கள் தகவலை வேறு யாருக்கும் தரமாட்டோம்" என்று பழைய வாசகம் அப்படியே கிடக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

ஒரே திட்டத்தை இரண்டு இடத்துக்கு அனுப்பலாமா?

பல நிறுவனங்கள் அனுமதிக்கும், ஆனால் இரண்டு இடத்திலும் சொல்ல வேண்டும். ஒரே வேலைக்கு இரண்டு பணம் வாங்கக் கூடாது. மறைத்து மாட்டினால் பேர் போய்விடும்.

ஏ.ஐ. வைத்து எழுதலாமா?

விதியைப் பாருங்கள். என்.ஐ.எச். 2025 செப்டம்பர் 25 முதல், பெருமளவு ஏ.ஐ. உருவாக்கிய விண்ணப்பங்களை ஏற்பதில்லை, ஒரு முதன்மை ஆய்வாளர் ஆண்டுக்கு ஆறு விண்ணப்பத்துக்கு மேல் அனுப்பவும் முடியாது. ரிவியூவர்கள் விண்ணப்பத்தை ஏ.ஐ.-யில் போட்டுப் பார்ப்பதை 2023-லேயே தடை செய்துவிட்டது. மொழியைத் திருத்த உதவி வாங்குவது வேறு. விண்ணப்பத்தின் முதுகெலும்பு உங்கள் மண்டையிலிருந்து வரவில்லை என்றால் நேர்காணலில் முதல் கேள்விக்கே வாய் குழறும்.

சமர்ப்பிக்கும் நாளில் எதைக் கவனிக்க வேண்டும்?

என் கதையைச் சொல்கிறேன். டெட்லைன் மாலை 5 மணி என்று இருந்தது. எங்கள் ஊர் 5 மணி என்று நினைத்து நிதானமாக டீ குடித்துவிட்டு வந்து 4 மணிக்குப் போர்ட்டலைத் திறந்தால், அவர்கள் ஊரில் 5 மணி எப்போதோ அடித்து முடிந்திருந்தது. நான்கு மாத வேலை, ஒரு சாம்பல் நிறப் பொத்தான். அழுத்தினேன், அழுத்தினேன், அசையவில்லை.

ஹொரைசன் யூரோப் என்றால் பிரஸ்ஸல்ஸ் நேரம் 17:00. என்.ஐ.எச். என்றால் விண்ணப்பிக்கும் நிறுவனம் இருக்கும் இடத்தின் நேரம் மாலை 5. ஒவ்வொன்றும் ஒரு விதம். இரண்டு நாள் முன்பே ஏற்றிவிடுங்கள். ஏற்றிய கோப்பை மறுபடி இறக்கித் திறந்து பாருங்கள். தமிழ், கிரேக்க எழுத்துகள் கட்டம் கட்டமாக மாறியிருக்கும், படங்கள் பக்கம் தாண்டியிருக்கும். 'இறுதி', 'இறுதி 2', 'உண்மையான இறுதி' என்று பெயர் வைக்கும் ஆட்கள் இந்தப் பத்தியை இருமுறை படிக்கவும்.

நிராகரித்துவிட்டார்கள். இனி?

முதலில் ஒரு வாரம் ரிவியூவைத் திறக்காதீர்கள். படித்ததும் பதில் எழுதத் துடிக்கும் கை, அந்த வாரத்தில் எழுதும் எதுவும் அச்சேறத் தகாது.

பிறகு இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், என்.ஐ.எச். விண்ணப்பங்கள் 25-ஐ 43 ரிவியூவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே விண்ணப்பத்துக்கு வெவ்வேறு ஆட்கள் போட்ட மதிப்பெண்ணில் ஒற்றுமை ஏறக்குறைய இல்லை. நல்ல விண்ணப்பங்களுக்குள் எது ஜெயிக்கும் என்பதில் அதிர்ஷ்டத்துக்குப் பங்கு உண்டு. நியூசிலாந்தின் சுகாதார ஆய்வு மன்றம் இதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு, 2013-ல் தொடங்கி ஒரு வகை கிராண்டுக்குத் தகுதியானவற்றைப் பிரித்தெடுத்துக் குலுக்கல் முறையிலேயே தேர்ந்தெடுத்தது.

அதே 2018-ல் நெதர்லாந்துத் தரவை வைத்து வந்த இன்னோர் ஆய்வு என்னை உலுக்கியது. மயிரிழையில் ஜெயித்தவர்கள், மயிரிழையில் தோற்றவர்களைவிட அடுத்த எட்டு ஆண்டில் இரண்டு மடங்குக்கு மேல் நிதி பெற்றார்கள். இருவரும் மதிப்பெண்ணில் ஏறக்குறைய சமம். அந்த இடைவெளிக்கு ஒரு காரணம், தோற்றவர்கள் மறுபடி விண்ணப்பிக்காமல் விட்டது. மறுபக்கம், 2019-ல் வந்த ஆய்வு ஒன்று, மயிரிழையில் என்.ஐ.எச். கிராண்டை இழந்தும் விலகாமல் நின்ற இளம் ஆய்வாளர்களின் பிற்காலக் கட்டுரைகள், ஜெயித்தவர்களின் கட்டுரைகளைவிட அதிகம் எடுத்தாளப்பட்டதாகக் காட்டியது. பின்னாளில் கோவிட் தடுப்பூசிக்கு அடிப்படையான எம்.ஆர்.என்.ஏ. பற்றி உயிர்வேதியியலாளர் கேட்டலின் கரிக்கோ எழுதிய விண்ணப்பங்கள் தொண்ணூறுகளில் வரிசையாகத் திரும்பி வந்தன, 1995-ல் பதவியிலும் இறக்கப்பட்டார். 2023-ல் ட்ரூ வைஸ்மனோடு நோபல் பரிசு வாங்கினார். இது எல்லோருக்கும் நடக்கும் என்று சொல்ல வரவில்லை. குழுவின் 'வேண்டாம்' ஆய்வின் தரத்துக்குக் கடைசித் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்கிறேன்.

மறு விண்ணப்பத்துக்கு வருவோம். என்.ஐ.எச்.-ல் 37 மாதத்துக்குள் ஒருமுறை திருத்தி அனுப்பலாம். முன்னுரையாக ஒரு பக்கத்தில் என்ன மாற்றினோம் என்று சொல்ல வேண்டும். ரிவியூக்களை மூன்றாகப் பிரியுங்கள்: ஒன்று, அவர்கள் சொன்னது சரி, திருத்திவிட்டோம்; இரண்டு, அவர்கள் சொன்னது பொருந்தாது, காரணம் இது; மூன்று, அவர்கள் தவறாகப் புரிந்துகொண்டார்கள். மூன்றாவது வகைதான் முக்கியம். தவறாகப் புரிந்துகொள்ளும்படி எழுதியது நீங்கள். "பக்கம் 7-ல் ஏற்கெனவே சொல்லியிருக்கிறோம்" என்று பதில் எழுதாமல், பக்கம் 7-ல் இருப்பதைப் பக்கம் 1-க்குக் கொண்டுவாருங்கள்.

கிடைத்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

விருதுக் கடிதத்தை வரிவரியாகப் படியுங்கள், தொடக்கத் தேதியைப் பாருங்கள். ஆள் எடுக்க விளம்பரம், எத்திக்ஸ் அனுமதி, ஒப்பந்தக் கையெழுத்து எல்லாம் முடிய எளிதாக நான்கைந்து மாதம் போகும். கடிகாரமோ முதல் நாளே ஓடத் தொடங்கிவிடும். தொடக்கத் தேதியைத் தள்ளி வைக்க முடியுமா என்று கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள். பல நிறுவனங்கள் சம்மதிக்கும்.